மருதம்புலவில் எழுதாமல் விட்ட மழை

“…ஆத்துக்கு அங்கால சுடலை, இஞ்சால என்ர மனுசி. செத்து ரெண்டு நாள் வீட்டிலயே கிடந்தவா, தம்பி. ஆறு விட்டால்தானே கொண்டு போறது? அந்தச் செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாளும் நான் கோயில் வளவுக்குள்ள கால் வைக்கேல்லை. கால் வைக்காமல் மழையை எப்பிடி அளக்கிறது? அதுதான் கடதாசியில வெறுமையா விட்டனான். ஆரும் வந்து கேட்டால் சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

கதிராமு அண்ணை இதைச் சொன்னது ஒரு மார்கழிக் காலையில், மருதம்புலவில், அவருடைய வீட்டு முற்றத்துக் கொட்டிலுக்குள். மழை தூறிக்கொண்டிருந்தது. அவருடைய ஒரே மகன் செத்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். அவர் குரலில் கோபம் இல்லை. வழி தவறி வந்தவனுக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த வாங்குப் பலகையில் இருக்க முடியவில்லை.

அதன்பிறகு அவர் என்ன செய்தார் என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது விளங்க வேண்டுமென்றால் நான் யார், அவர் அளந்த மழை எது, அவர் வெறுமையாக விட்ட இடத்தில் நான் எதைப் போட்டேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் இரண்டு இளம் எஞ்சினியர்மார் என்னைத் தேடி வந்தார்கள். மழையைத் தானாகவே கடதாசியில் கீறிக்கொள்ளும் கருவிகளைக் காட்டுப் பக்கங்களில் பூட்டப் போகிறார்களாம். “அப்ப ஐயா, உங்கட காலத்தில ஆர் எழுதினது?” என்று ஒரு பிள்ளை கேட்டது. “மனுசர்தான் எழுதினது” என்றேன். சிரித்தார்கள். பிறகு, “அதை ஒருக்கா எழுதித் தாருங்கோவன்” என்றார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. கதைக்கச் சொன்னால் கதைப்பேன். கதைக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஐம்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தேன். நில அளவைக்காரருக்குச் சங்கிலி தூக்குகிற வேலை. இரண்டு வருடத்தில் நிலத்தின் மட்டம் பார்க்கப் பழகினேன். பிறகு எஞ்சினியர் ஐயா தந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கிழமை எடுத்தது. காட்டில் விழுகிற மழையில் மண் எவ்வளவு குடிக்கும், மரம் எவ்வளவு குடிக்கும், மிச்சம் எத்தனை மணித்தியாலத்தில் குளத்தடிக்கு வந்து சேரும் என்று அறிவதுதான் முழுப் படிப்பும் என்று எனக்கு விளங்க மூன்று வருடம் பிடித்தது. ஆற்றுக் கரையில் நூறு அடி அளந்து தடி நட்டு, மேல் தடியடியில் ஒரு தேங்காய்ப் பொச்சு மட்டையைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி கரையோடு ஓடுவேன். கீழ்த் தடிக்குப் பொச்சு வர எத்தனை செக்கன் என்று எழுதுவேன். அதைப் பார்த்த, வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் மற்றவருக்குச் சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது: “இஞ்ச பாரடாப்பா, ஓவசியர் இண்டைக்கும் பொச்சிட்டத் தோத்துப்போனார்!”

எஞ்சினியர் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். மேசையில் ஒரு கணக்கை வைத்தால் உடனே பார்க்கமாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார். கண்ணாடியைத் துடைப்பார். பிறகு முதலாவது இலக்கத்தில் விரலை வைத்து ஒரே கேள்விதான் கேட்பார்:

“பாத்ததோ, கேட்டதோ, நினைச்சதோ?”

ஒவ்வோர் இலக்கத்துக்கும் இந்தக் கேள்வி. நாங்களே அளந்து கண்டதைக் கறுப்புப் பென்சிலால் எழுத வேண்டும். அந்த இடத்து ஆட்களிடம் நேரே போய் விசாரித்து எடுத்ததை நீலத்தால் எழுத வேண்டும். மதிப்பிட்டுப் போட்டதைச் சிவப்பால் எழுத வேண்டும். சிவப்பு எழுதினால் ஏசமாட்டார். “நினைச்சது குற்றமில்லை. நினைச்சதைப் பாத்தது எண்டு சொல்றதுதான் குற்றம்” என்பார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கணக்கில் சிவப்பு இலக்கம் கிடந்தால், குளத்தின் வானை அரைவாசி நீளம் கூட்டிப் போடுவார். குளம் நிறைந்த பிறகு மிகுதித் தண்ணீர் வழிந்தோட விடுகிற வாயைத்தான் வான் என்கிறோம். வான் போதாவிட்டால் தண்ணீர் குளக்கட்டைத் தின்னும்.

விண்ணாங்கடிக்குளத்தைத் திருத்தப் போகிறோம் என்று வந்தபோது அது குளமாகவே இல்லை. மல்லாவிப் பக்கத்துக் காட்டுக்குள் நடுவில் உடைந்து கிடந்த ஒரு பழைய கட்டு. அதன்மேல் பாலை மரங்கள். அதைச் சுற்றிப் பத்து மைலுக்கு மனிதர் இல்லை. அந்தக் குளத்துக்கும், பத்து மைலுக்கு அப்பால் கீழே இருந்த வேறு இரண்டு குளங்களுக்கும் வருகிற ஆறு பிறக்கிற இடத்தில்தான் மருதம்புலவு இருந்தது. பதினாறு வீடுகள். எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம்.

மருதம்புலவில் மழை அளக்கிற கருவியை வைத்தவன் நான்தான். செம்புப் புனல் ஒன்று, அதற்குக் கீழே போத்தல், ஊற்றி அளக்கக் கோடு போட்ட கண்ணாடி. வெளியான இடத்தில் வைக்க வேண்டும். பக்கத்தில் மரம் நிற்கக் கூடாது. ஆடு மாடு வந்து முட்டக் கூடாது. ஊரைச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் மரம், எங்கும் மாடு. அம்மன் கோயில் வளவு ஒன்றுதான் துப்புரவாக, நல்ல வேலி அடைத்து, வாசலில் படலை போட்டு இருந்தது. அங்கேயே நட்டேன். இதைவிட நல்ல இடம் கிடையாது என்று எனக்கு அன்றைக்குப் பெரிய புளுகமும் சந்தோசமும்.

நானும் சைவக்காரன்தான். சாவு நடந்த வீட்டுக்காரர் முப்பத்தொரு நாள் கோயிலுக்குள் போகமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. மருதம்புலவில் ஒரு சாவு விழுந்தால் பதினாறு வீட்டுக்கும் துடக்கு. கோயில் வளவுக்குள் கால் வைக்க ஊரில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். மரத்தின் உயரத்தை அளந்தேன், வேலியின் உயரத்தை அளந்தேன். இதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று கதிராமு அண்ணையைப் பிடித்து அளக்கப் பழக்கினேன். காலை எட்டரைக்குப் போக வேண்டும், போத்தல் நீரை ஊற்ற வேண்டும், கண் மட்டத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும், மாத முடிவில் கடதாசியைத் தபாலில் அனுப்ப வேண்டும். ஊர் அவரைக் கிண்டல் பண்ணாமல் விடவில்லை. “அளந்து என்ன செய்யப் போறாய்? கூடிப்போனால் திருப்பி அனுப்புவியோ?” என்று கேட்பார்களாம். “குறைஞ்சால் மேல எழுதிக் கேப்பன்” என்பாராம் இவர். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருடம் தவறாமல் காட்டுவழியே நடந்து போகிறவர். ஆனால் அந்த நாட்களுக்கும் ஆள் ஒழுங்கு செய்துவிட்டுத்தான் போவார். மூன்று வருடக் கடதாசிகளில் ஒரு நாளையும் தவறவிடவில்லை. நாலாவது வருடம் கார்த்திகைப் பாதியிலிருந்து மார்கழிப் பாதி வரைக்கும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தக் கடதாசிகள் எங்கள் அலுவலகத்துக்கு, கந்தோருக்கு, வந்தபோது ஒருவரும் கவனிக்கவில்லை. கட்டிப் பெட்டிக்குள் போட்டோம்.

அடுத்த வருடம் குளத்தின் வரைபடம் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. மழைக் கணக்கைத் தொகுத்துத் தருவது என் வேலை. சனிக்கிழமை தரவேண்டும். வியாழக்கிழமை பின்னேரம்தான் அந்த வெறுமையைக் கண்டேன். மருதம்புலவு பதினாலு மைல். பாதி வழிக்குத்தான் சைக்கிள் போகும், மிச்சம் யானைக் காட்டால் நடக்க வேண்டும். போய்வர இரண்டு நாள். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஊரில் பெண் பார்க்க ஒழுங்கு செய்திருந்தார்கள். காலை பஸ்ஸை விட்டால் அந்தப் பேச்சே குழம்பிவிடும் என்று அம்மா எழுதியிருந்தா.

எங்கள் கந்தோர் முற்றத்திலும் ஒரு மழைக் கருவி இருந்தது. அந்த முப்பத்தொரு நாளும் அங்கே பெய்தது சாதாரண மழை. அந்த இலக்கங்களைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, வெறுமையை நிரப்பினேன். சிவப்புப் பென்சிலை எடுத்தேன். எடுத்ததும் பயம் வந்தது. முப்பத்தொரு சிவப்பைக் கண்டால் ஐயா என்னை மருதம்புலவுக்கு அனுப்பாமல் விடமாட்டார். நீலப் பென்சிலால் எழுதினேன்.

அடுத்த நாள் காலையில், பஸ்ஸுக்குப் போகுமுன், அந்தக் கிழமை முழுதும் வெளி வேலையில் நின்று அன்றைக்குத்தான் திரும்பியிருந்த ஐயாவின் மேசையில் கணக்கைக் கொண்டுபோய் வைத்தேன். ஐயா கடிகாரத்தைக் கழற்றினார். கண்ணாடியைத் துடைத்தார். விரல் ஒவ்வொன்றாய் வந்து அந்த இடத்தில் நின்றது.

“இந்த மாரி கொஞ்சம் குறைவாக் கிடக்கே. கேட்டதோ?”

“கேட்டது, ஐயா.”

“ஆரிட்ட?”

“அளக்கிற கதிராமுவிட்டத்தான்.”

“போனீரோ?”

“ஓம், ஐயா.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “காட்டு வழி. நல்லாக் களைச்சிருப்பீர். போய் வாரும்” என்றார். அந்தக் கனிவை நான் இன்றைக்கும் தாங்கமாட்டாமல் இருக்கிறேன்.

வான் அரைவாசி கூட்டப்படவில்லை. கணக்கு என்ன சொன்னதோ அந்த நீளத்துக்கே கட்டினோம்.

நல்ல கட்டு. நான் பெருமையாகத்தான் சொல்வேன். கல் பதித்து, புல் வைத்து, நேர்கோடாக நின்றது. காட்டை வெட்டிக் காணி பிரித்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களோடு வன்னி இளந்தாரிகளும் காணி எடுத்தார்கள். கதிராமு அண்ணையின் மகன் சிவராசாவுக்கும் கட்டுக்குக் கீழே மூன்று ஏக்கர் கிடைத்தது. கலகலப்பான பெடியன். இருபத்திரண்டு வயதிருக்கும். “அப்பு மேல நிண்டு மழையை எழுதி அனுப்புறார், நான் கீழ நிண்டு வாங்கி விதைக்கிறன். தபால் செலவுகூட இல்லை” என்பான். என்னைக் கண்டால், “ஓவசியர் அண்ணை, எங்கட குளம் என்ன சொல்லுது?” என்று கேட்பான். எங்கட குளம் என்றுதான் சொல்வான்.

மூன்றாவது மாரியில் அது வந்தது.

நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் விடியல் வெள்ளாப்பில் நான் கட்டுக்குப் போனபோது வான் கரை முட்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. குளம் அதற்கு மேலும் ஏறிக்கொண்டிருந்தது. ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கியதும் முதல் சொன்னது, “கீழ இருக்கிற சனத்தை எழுப்பும். எல்லாரையும் பள்ளிக்கூட மேட்டுக்கு அனுப்பும். சாமான் வேண்டாம், ஆக்கள் போகட்டும்.” பிறகு தண்ணீர் விளிம்பில் ஒரு தடியை நட்டார். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குந்தினார். அரை மணித்தியாலம் அசையவில்லை. தடியில் கத்தியால் ஒரு கோடு போட்டார்.

“மணித்தியாலத்துக்கு மூண்டு அங்குலம். கட்டு உச்சிக்கு ஒண்டரை அடி கிடக்கு. ஆறு மணித்தியாலம்.” கணக்கை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “வலது கரையில இறுகின மண். அங்க ஒரு வாய் வெட்டுவம். பன்னிரண்டு பேற்ற வயல் போகும். கட்டு மிஞ்சும்.”

அந்தப் பன்னிரண்டில் சிவராசாவின் வயலும் ஒன்று. அதை நான் அவனிடம் சொன்னேன். மண்வெட்டியோடு முதலில் வந்து நின்றவன் அவன்தான். “வயல் போனால் வாற வருசம் விதைக்கலாம். குளம் போனால் என்னத்தை விதைக்கிறது? எங்க வெட்டிறது எண்டு காட்டுங்கோ” என்றான். நாற்பது ஐம்பது பேர் வெட்டினோம். மண் இறுக்கம், மழையில் கை வழுக்கியது. பத்து மணியளவில் ஐயா மறுபடி தடியைப் பார்த்தார். மணித்தியாலத்துக்கு ஐந்து அங்குலம் ஆகியிருந்தது. “எங்கயிருந்து வருது இவ்வளவும்?” என்று தனக்குத்தானே கேட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போது கட்டின் நடுப் பகுதியில் நின்ற ஒருவர் கூப்பிட்டார்: “ஐயா, கட்டு வேர்க்குது!” பழைய உடைப்பை நிரப்பின இடத்தில், வெளிப் பக்கத்துப் புல்லுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஐயா ஓடிப்போய் அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். கலங்கல். தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. கலங்கினால் உள்ளே மண் கரைகிறது. “எல்லாரும் இறங்குங்கோ! வலது கரைக்கு வாங்கோ! வெட்டினது காணும், விடுங்கோ!”

நாங்கள் வலது கரைக்கு ஏறினோம். சிவராசா என் பக்கத்தில்தான் நின்றான். கீழே பார்த்தான். ஆட்கள் எல்லாரும் மேட்டுக்குப் போய்விட்டார்கள். மாடுகள் கட்டினபடி நின்றன. காலையில் பதைபதைத்து வெளிக்கிட்டதில் ஒருவரும் அவிழ்த்துவிடவில்லை. மாடுகள் கத்தினது மழைக்குள்ளும் கேட்டது.

“அண்ணை, கயித்தை மட்டும் அறுத்துவிட்டிட்டு ஓடி வாறன்.”

“போகாதை! டேய்!”

“இந்தா வந்திட்டன்.”

அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தொழுவம், அடுத்த தொழுவம், அதற்கடுத்தது. மாடுகள் வாலைக் கிளப்பிக்கொண்டு மேட்டுக்கு ஓடின. அவனுடைய மாடுகளை அவன் கடைசியாகத்தான் அவிழ்த்தான். கட்டு உடைந்த சத்தம் பெரிதாக இருக்கவில்லை. ஒரு பெரிய ஆள் பெருமூச்சு விட்டது மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் அவனை ஒரு பாலை மரத்தடியில் எடுத்தோம். மாடுகள் எல்லாம் தப்பியிருந்தன.

அவனை மருதம்புலவுக்குக் கொண்டுபோனபோது நான் போகவில்லை. உடைப்பில் வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டேன். அடுத்த கிழமை ஐயா அறிக்கை எழுத உட்கார்ந்தார். பழைய கணக்கை எடுத்து விரித்தார். கடிகாரத்தைக் கழற்றினார். விரல் நேரே அந்த நீல இலக்கங்களுக்குப் போனது.

“இது கேட்டதுதானே?”

இரண்டாம் முறை. சொல்லியிருக்கலாம். ஒரு மனிதன் செத்திருந்தான், இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் வாய் பழகின வழியே போனது.

“கேட்டதுதான், ஐயா.”

அவர் தலையாட்டினார். “அப்ப பிழை என்ரதான்” என்று சொல்லி, வானின் நீளம் போதாமல் போனதற்கு வரைந்தவனே பொறுப்பு என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்து வைத்தார். நான் அதைத் தபாலில் சேர்த்தேன். வேறு யாரும் சேர்க்கவில்லை, நானே சேர்த்தேன்.

அவரிடம் பிறகு உண்மையைச் சொன்னேன். எப்போது சொன்னேன் என்றால், மருதம்புலவுக்குப் போய்த் திரும்பி வந்த அன்றைக்கு. அவர் ஏசவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டி, “மாத்தும்” என்றார். முப்பத்தொரு இலக்கத்தையும் அவர் பார்த்திருக்க நான் சிவப்பாக்கினேன். கொழும்புக்குத் திருத்தி எழுதினோம். அதற்குப் பதில் வரவில்லை. ஐயாவைத் தெற்கே ஒரு கந்தோருக்கு மாற்றினார்கள். அங்கே மேசை வேலை. அந்தக் கை பிறகு ஒரு குளமும் வரையவில்லை.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

அறிக்கையைத் தபாலில் சேர்த்த அடுத்த நாள் வெளிக்கிட்டு, பாதி வழி சைக்கிளில், மிச்சம் நடந்து, இடையில் ஒரு வாடிக் குடிசையில் தங்கி, எட்டு மணிக்கு மருதம்புலவுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதிராமு அண்ணை கொட்டிலுக்குள் இருந்தார். அவருடைய தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அந்த வருடத்துக் கடதாசியில் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று அப்போதுதான், இத்தனை மாரி பிந்தி, நான் கேட்டேன். அதற்குத்தான் அவர், இந்தக் கட்டுரையின் முதலில் எழுதிய பதிலைச் சொன்னார். மனைவி கிடந்த அந்த இரண்டு நாளும் தண்ணீர் ஆற்றங்கரை மருதமரத்தில் எந்தக் கிளை வரைக்கும் நின்றது என்பதையும் சொன்னார். அந்தக் கிளை ஒன்று போதும். அதைக் கேட்டிருந்தால் வான் இரண்டு மடங்காகியிருக்கும்.

“அண்ணை,” என்றேன். “நான் வந்து கேக்கேல்லை. கேட்டனான் எண்டு பொய் சொல்லி, நானே நினைச்சு எழுதினனான்.”

அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி வரேல்லை? காட்டுக்குப் பயமோ?”

“இல்லை. அண்டைக்கு ஊரில பொம்பிளை பாக்கப் போகவேண்டியிருந்தது.”

“ஆ.” என் பக்கம் திரும்பினார். “அது சரிவந்ததோ?”

“ஓம், அண்ணை. அவாதான் இப்ப என்ர மனுசி.”

“நல்லம்” என்றார்.

அந்த ஒரு சொல்லில் கிண்டல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். தேத்தண்ணி ஆறிப்போனது. தங்கச்சி சமையற் குசினி வாசலில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா.

“கீழ மற்ற ரெண்டு குளமும் நிக்குதோ?” என்று அவர் கேட்டார்.

“நிக்குது, அண்ணை. வான் பாயுது. சனம் குளக்கட்டிலதான் காவல்.”

“இந்த ஒன்பது நாளும் இஞ்ச என்ன பெய்தது எண்டு உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“நேரம் என்ன?”

“எட்டரை ஆகுது.”

கதிராமு அண்ணை எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். மழைக்குள் இறங்கி ஒழுங்கையைக் கடந்து கோயிலடிக்கு நடந்தார். நான் கொப்பியோடு பின்னால் போனேன். தங்கச்சி முற்றத்துக்கு ஓடிவந்தா.

“அண்ணை! எங்க போறியள்? துடக்கெல்லே! அம்மாள் பொறுக்கமாட்டா!”

அவர் படலையடியில் நின்றார். ஒரு கையைப் படலையில் வைத்தபடி, மூடிக் கிடந்த கோயில் கதவைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு படலையைத் திறந்துகொண்டு வளவுக்குள் கால் வைத்தார். புனலைக் கழற்றினார். கழுத்துவரை நிறைந்திருந்த போத்தலை எடுத்து, ஒன்பது நாள் நீரையும் அளவுக் கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, அளவை உரத்துச் சொன்னார். நான் எழுதி முடித்துத் தலை நிமிரும் வரைக்கும் கண்ணாடியை இறக்காமல் நின்றார்.